எம்.சி. முடிந்த பிறகு

காய்ச்சல் விட்டதா, எம்.சி. (டாக்டர் கொடுக்கும் மருத்துவ விடுப்புச் சீட்டு) முடிந்ததா, வேலைக்குக் கிளம்பு. நம் ஊரில் நோய்க்கு இருக்கும் கணக்கு இவ்வளவுதான். கிருமி அடங்கும் நாளும் உடம்பு தேறும் நாளும் ஒன்றுதான் என்று எப்படியோ எல்லோரும் முடிவு கட்டிவிட்டோம். பலருக்கு அப்படித்தான் நடக்கிறது என்பதும் உண்மை. ஆனால் சிலருக்கு அந்த இரண்டு நாளுக்கும் நடுவே மாதங்கள் கிடக்கின்றன, இன்னும் சிலருக்கு வருடங்கள். அந்த நடுக்காலத்தில் மாட்டிக்கொண்டவர்களை நாம் சோம்பேறி என்கிறோம், மனசு சரியில்லை என்கிறோம், கண்ணு பட்டிருக்கும் என்று சூடம் சுற்றிப் போடுகிறோம். இன்னும் தேறவில்லை என்று மட்டும் சொல்வதில்லை.

நான் பினாங்குக்காரி. பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஓர் எலெக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் வேலை. 2022 தொடக்கத்தில் கோவிட்டின் ஒமிக்ரான் அலை அடித்தபோது எங்கள் ஃபிளாட்டில் அநேகமாக ஒரு வீடு பாக்கியில்லை. எங்கள் வீட்டிலும் ஒருவர் பின் ஒருவராகப் படுத்தோம். எனக்கு வந்தது கேட்டகரி 2, அதாவது அறிகுறி உண்டு, நுரையீரலில் அழற்சி இல்லை. தொண்டை வலி, உடம்பு வலி, இரண்டொரு இரவு காய்ச்சல். பெனடால், சுடுதண்ணீர், மிளகு ரசம். தனிமைக் காலம் முடிந்துவிட்டது என்று அரசாங்கத்தின் மைசெஜாத்ரா செயலி காட்டியதும் வேலைக்குப் போய்விட்டேன். ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கவே இல்லை.

எங்கள் வேலை கிளீன் ரூமில். தலைமுதல் கால்வரை வெள்ளை உடுப்பு, முகமூடி, கையுறை, கண் மட்டும் வெளியே தெரியும். ஷிஃப்ட் பன்னிரண்டு மணி நேரம். மெஷினுக்கு மெஷின் நடந்து ட்ரே மாற்றுவதும் நின்றபடியே எழுதுவதும்தான் பாதிப் பொழுது. முன்பெல்லாம் கால் வலிக்கும், அவ்வளவுதான். கோவிட்டுக்குப் பிறகு ஒரே இடத்தில் கொஞ்ச நேரம் நின்றாலே நெஞ்சு தடதடவென்று அடித்துக்கொள்ளும். கண்ணுக்குள் இருட்டும். உடுப்புக்குள் வியர்த்துக் கொட்டும், ஆனால் விரல் நுனி சில்லிட்டிருக்கும். லாட் எண்ணைப் படித்துவிட்டு எழுதக் குனிவதற்குள் எண் மறந்துவிடும், மறுபடி நிமிர்ந்து பார்க்க வேண்டும். உட்கார்ந்தால் எல்லாம் மெல்ல அடங்கும். அதுதான் வினை. கேன்டீனில் தே ஓ (பால் சேர்க்காத தேநீர்) குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது என்னைப் பார்க்கிற யாரும் இவளுக்கு ஒன்றுமில்லை என்றுதான் நினைப்பார்கள். லைன் லீடர் அப்படித்தான் நினைத்தார், வாய்விட்டும் சொன்னார்.

அதைவிட விசித்திரம், தாமதமாக வந்து அடிப்பது. ஞாயிற்றுக்கிழமை வீடு கழுவி, திரைச்சீலை துவைத்து, சன்னலுக்கு வெளியே கம்பில் ஈரத்துணி மாட்டுவேன். அன்று ஒன்றும் ஆகாது. பரவாயில்லையே, தேறிவிட்டோம் என்று தோன்றும். திங்கள்கூட ஓடிவிடும். செவ்வாய் காலை தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியாது. தொண்டை வலி திரும்ப வரும், தோல்கூட வலிக்கும், டிவி வெளிச்சம் ஆகாது, யாராவது பேசினால் எரிச்சல் வரும். தூங்கி எழுந்தாலும் போகாது. சிரித்துக்கொண்டே பணத்தைக் கொடுத்துவிட்டு அப்புறம் வட்டியோடு வாசலில் வந்து நிற்கும் ஆ லோங், அதாவது கந்துவட்டிக்காரன், செய்யும் வியாபாரம்தான் இது. செவ்வாய்க்கிழமைப் படுக்கைக்கு ஞாயிற்றுக்கிழமைத் துணிதான் காரணம் என்று யாருக்குத் தோன்றும்? எனக்கே வெகு நாள் தோன்றவில்லை.

உழைப்புக்குப் பின் நிலை மோசமாவது என்று இதை மருத்துவர்கள் குறிப்பிடுகிறார்கள். உழைப்பு என்றால் மூட்டை தூக்குவது மட்டும் இல்லை. கணக்குப் பார்ப்பது, பிள்ளையின் பள்ளிக்கூடப் பாடத்தோடு மல்லுக்கட்டுவது, கல்யாண வீட்டில் நாலு மணி நேரம் பேசிச் சிரிப்பது, எல்லாமே அதில் சேரும். பெரும்பாலும் 12 முதல் 48 மணி நேரம் கழித்துத்தான் தாக்கும். 2024 ஜனவரியில் ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வைப் பற்றி வாசித்தபோது எனக்கு உண்மையிலேயே அழுகை வந்தது. நீடித்த கோவிட், அதாவது தொற்று போயும் அறிகுறி விடாத நிலை, உள்ள 25 பேரையும் நலமாக இருந்த 21 பேரையும் சைக்கிள் மிதிக்க வைத்தார்கள். மிதிப்பதற்கு முன்பும் பின்பும் தொடைத் தசையிலிருந்து சிறு துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். நோயாளிகளின் தசையில், ஆற்றலைத் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா சரியாக வேலை செய்யவில்லை. மிதித்த பிறகு அது இன்னும் மோசமானது, தசைநார்கள் சேதமான அடையாளமும் கூடுதலாகத் தெரிந்தது. என்னைச் சோம்பேறி என்றவர்களுக்கெல்லாம் அந்த நுண்ணோக்கிப் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். அனுப்பவில்லை. அனுப்பினாலும் காலை வணக்கப் படங்களுக்கு நடுவில் அதை யார் பார்க்கப்போகிறார்கள்.

நான் முதலில் போன கிளினிக்கில் இரத்தம் எடுத்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. "ஸ்ட்ரெஸ்தான். காலையில பொட்டானிக்கல் கார்டன் போய் நடங்க, மெதுவா ஜாகிங் ஆரம்பிங்க" என்றார் டாக்டர். நல்ல மனதோடுதான் சொன்னார். உடற்பயிற்சி கெட்டதென்று நானும் சொல்ல வரவில்லை, நோய்க்குப் பிறகு படிப்படியாக நடந்து பழகித் தேறியவர்கள் நிறையப் பேர். ஆனால் உழைத்த பின் மோசமாகும் உடம்புக்கு, இன்றைக்குப் பத்து நிமிடம், நாளைக்குப் பதினைந்து என்று ஏற்றிக்கொண்டே போகச் சொல்வது ஆபத்து. இதே தன்மையுள்ள நாள்பட்ட களைப்பு நோய்க்கு இங்கிலாந்தில் வருடக்கணக்கில் அந்த ஏற்றுமுறைப் பயிற்சியைத்தான் சிபாரிசு செய்துகொண்டிருந்தார்கள். 2021 அக்டோபரில் வந்த புதிய வழிகாட்டியில் அதை எடுத்துவிட்டார்கள். அந்தச் செய்தி நம் ஊர்க் கிளினிக் மேசைவரை வந்து சேர்வதற்கு எத்தனை கடல் தாண்ட வேண்டுமோ தெரியவில்லை.

இன்னொரு டாக்டர் செய்தது மிக எளிய சோதனை. என்னைக் கொஞ்ச நேரம் படுக்க வைத்து நாடித்துடிப்பு பார்த்தார். அப்புறம் எழுந்து சுவரில் லேசாகச் சாய்ந்து அசையாமல் நிற்கச் சொன்னார். நிமிடத்துக்கு ஒரு தரம் விரலில் மாட்டிய கருவியைப் பார்த்து எழுதிக்கொண்டே வந்தார். எண் ஏறிக்கொண்டே போனது. எனக்குக் கால் துவள ஆரம்பித்ததும் போதும் என்று உட்கார வைத்தார். நின்ற பத்து நிமிடத்துக்குள் துடிப்பு 30-க்கு மேல் கூடி, இரத்த அழுத்தம் பெரிதாக இறங்காமல், அதே நிலை மாதக்கணக்கில் நீடித்தால் அது தானியங்கி நரம்பு மண்டலத்தின் கோளாறு என்றார். நிற்கும்போது இரத்தம் காலில் தேங்குகிறது. அதை மேலே தள்ளக் குழாய்கள் சரியாக இறுகவில்லை, அதனால் நெஞ்சு இரண்டு மடங்கு ஓடுகிறது. தண்ணீர் கூடுதலாகக் குடிக்கச் சொன்னார், இறுக்கமான காலுறை போடச் சொன்னார். எனக்கு இரத்தக் கொதிப்பு இல்லாததால் உப்பும் கொஞ்சம் சேர்க்கச் சொன்னார். (இரத்தக் கொதிப்பு, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இதைப் படித்துவிட்டு ஊறுகாய் ஜாடியைத் திறக்க வேண்டாம். டாக்டரைக் கேளுங்கள்.) அந்த அறையில் ஒரு படுக்கையும் ஒரு சுவரும்தான் இருந்தன. எந்த ஸ்கேனும் இல்லை.

வீட்டில் அத்தை இருக்கிறார்கள், என் மாமியார். கெடாவில் ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். "விடியக்காலம் பால்மரம் வெட்டிட்டு வந்துதான் நான் உலை வைப்பேன். உனக்கு ஏசி ரூம்புல நின்னா மயக்கம் வருதா?" என்பார்கள். பொல்லாதவர்கள் இல்லை, கேட்டுவிட்டு அவர்களே காய் நறுக்கிக் கொடுப்பார்கள். ஆனால் அதே அத்தைதான் என் வீட்டுக்காரருக்குச் சின்ன வயதில் அம்மை போட்டபோது வாசலில் வேப்பிலை செருகி, வேப்பிலை பரப்பிய பாயில் படுக்க வைத்து, வீட்டில் தாளிக்காமல், விருந்தாளிகளை உள்ளே விடாமல் காவல் காத்தவர்கள். முத்து இறங்கிய பிறகும் அவசரப்படவில்லை. மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரை முதல் தண்ணி, இரண்டாம் தண்ணி, மூன்றாம் தண்ணி என்று நாள் விட்டு ஊற்றியிருக்கிறார்கள். அப்புறமும் பிள்ளையை வெயிலில் விளையாட விடவில்லை. பிள்ளை பெற்ற மகளுக்குப் பத்தியமும் எண்ணெய்க் குளியலுமாக நாற்பது நாளுக்கு மேல் பார்த்திருக்கிறார்கள்.

அப்படியென்றால் தேறுவதற்குத் தனியாக நாள் ஒதுக்க வேண்டும் என்பது நம் வீடுகளில் தெரியாத சங்கதி இல்லை. அம்மைக்கு ஒதுக்கினோம், பிரசவத்துக்கு ஒதுக்குகிறோம். டிங்கி, கோவிட், சிக்குன்குனியா என்று பெயர் மாறி வந்ததும் 'காய்ச்சல்தானே' என்று சுருக்கிவிட்டோம். அம்மையின்போது வீட்டுக்கு ஆத்தா வந்திருக்கிறாள் என்ற மரியாதை இருந்தது. எம்.சி. சீட்டுக்கு அந்த மரியாதை கிடையாது.

அந்த அம்மைக் கிருமியே முழுதாகப் போவதில்லை என்பது தனிக் கதை. நீர்க்கொளுவான் என்றும் சின்னம்மை என்றும் சொல்கிறோமே, அதைக் கொண்டுவரும் வைரஸ் கொப்புளம் காய்ந்த பிறகு முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் போய்ப் பதுங்கிக்கொள்கிறது. ஐம்பது அறுபது வருடம் சத்தமில்லாமல் இருந்துவிட்டு, வயதாகி எதிர்ப்புச் சக்தி தளரும்போது அந்த நரம்பு போகும் வழியெல்லாம் அக்கியாக வெளியே வரும். அத்தைக்கு இடுப்பின் ஒரு பக்கம் மட்டும் பட்டையாகக் கொப்புளித்தது. அந்தக் காலத்தில் குயவர் காவிக்கல்லைக் குழைத்து மேலே சிங்கம் எழுதுவாராம், இப்போது யார் இருக்கிறார்கள் என்று அலுத்துக்கொண்டே ஒரு வாரத்தைக் கடத்திவிட்டார்கள். கொப்புளம் வந்த 72 மணி நேரத்துக்குள் மாத்திரை தொடங்கினால்தான் நல்ல பலன். புண் ஆறியது, எரிச்சல் ஆறவில்லை. ரவிக்கை ஓரம் பட்டாலே துடித்துப்போவார்கள். "காஞ்சு போச்சே, அப்புறம் ஏன் எரியுது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நரம்பு அடிபட்டதால் வரும் வலி அது, சிலருக்கு மாதங்கள் தாண்டியும் நிற்கும். அதற்கப்புறம் என்னைப் பார்த்து ஏசி ரூம்பு பேச்சை அவர்கள் எடுக்கவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை.

கிருமி போகும்போது விட்டுச்செல்லும் வால், கிருமிக்குக் கிருமி வேறு மாதிரி இருக்கிறது. சிக்குன்குனியா 2008-2009-இல் நாடு முழுக்கச் சுற்றியதே, அப்போது என் பெரியம்மாவுக்கு வந்தது. காய்ச்சல் ஒரு வாரத்தில் போய்விட்டது. கணுக்காலும் விரல் மூட்டுகளும் அடுத்த வருடம்வரை வீங்கி வீங்கி வடிந்தன, காலையில் இட்லி மாவைக் கரைக்கக்கூட விரல் மடங்காது. டிங்கி வந்தவர்களுக்கு இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொத்துக் கொத்தாகக் கொட்டும். உடம்பு பெரிய அடி வாங்கும்போது நிறைய வேர்க்கால்கள் ஒரே சமயத்தில் ஓய்வுக்குப் போய்விடுவதால் வருவது. அது பெரும்பாலும் தானாக முளைத்துவிடும், வெங்காயச் சாற்றுக்குப் பெருமை போய்ச் சேரும். ஹெப்படைடிஸ் பி கல்லீரலில் குடியிருந்து பல வருடம் கழித்துச் சுருக்கத்தையும் புற்றுநோயையும் கொண்டுவரும். அதனால்தான் 1989-இலிருந்து இங்கே பிறக்கும் குழந்தைகளுக்கு அந்த ஊசி போடுகிறார்கள்.

இந்த நாட்டுக்கு இதெல்லாம் யாரும் வெளியிலிருந்து வந்து சொல்லித்தர வேண்டியதே இல்லை. 1998 செப்டம்பரில் ஈப்போ பக்கம் பன்றிப் பண்ணைகளில் தொடங்கி, நெகிரி செம்பிலானில் புக்கிட் பெலாண்டோக் வட்டாரத்தையே காலி செய்த மூளைக் காய்ச்சலை நினைத்துப் பாருங்கள். பண்ணை முதலாளிகள் சீனர்கள், அங்கே கூலி வேலை செய்தவர்களில் நம் ஆட்களும் இருந்தார்கள். முதலில் ஜப்பானிய மூளைக் காய்ச்சல் என்று கொசுவைத் துரத்தினார்கள். 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் புதிய வைரஸைப் பிரித்தெடுத்தார்கள், சுங்கை நிப்பா என்ற ஊரின் பெயரே அதற்கு வந்தது. 265 பேருக்கு நோய், 105 பேர் இறந்தார்கள், பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகளைக் கொன்று புதைத்தார்கள். செய்தி அதோடு முடிந்துவிட்டது. பிழைத்தவர்களுக்கு முடியவில்லை. நலமாகி வீட்டுக்குப் போன சிலருக்கு மாதங்கள், வருடங்கள் கழித்து மூளை அழற்சி மறுபடி வந்தது. தொற்று ஏற்பட்டும் அப்போது மூளைக் காய்ச்சலே வராத சிலருக்குப் பின்னால் முதல் தடவையாக வந்தது. பதினோரு வருடம் கழித்து வந்த ஒருவரைப் பற்றியும் மருத்துவ இதழில் பதிவு இருக்கிறது. இதைக் கண்டுபிடித்ததற்குக் காரணம், கோலாலம்பூரில் அந்த டாக்டர்கள் பிழைத்தவர்களைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்ததுதான். டிஸ்சார்ஜ் சீட்டோடு கோப்பை மூடியிருந்தால் தெரிந்திருக்காது.

யாருக்கு வால் நீளும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியுமா? ஆஸ்திரேலியாவில் டப்போ என்ற சின்ன ஊரில் நடந்து 2006-இல் வெளியான ஆய்வு ஒன்றை நான் அடிக்கடி எல்லோருக்கும் சொல்வேன். மூன்று வேறு வேறு தொற்று வந்த 253 பேரைத் தொடக்கத்திலிருந்தே பின்தொடர்ந்தார்கள். இரண்டு வைரஸ், ஒன்று பாக்டீரியா. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் சுமார் 12 சதவீதம் பேர் இன்னும் களைப்பிலும் வலியிலும் மறதியிலும் கிடந்தார்கள். அந்த மூன்றில் கிருமி எதுவானாலும் இந்தக் களைப்பு வாலின் சாயல் ஒன்றாகவே இருந்தது. முன்பே மனம் தளர்ந்திருந்தவர்களுக்குத்தான் இப்படி ஆகும் என்பதற்கு அங்கே ஆதாரம் கிடைக்கவில்லை. நோய் ஆரம்பத்தில் எவ்வளவு கடுமையாக இருந்தது என்பதுதான் பெரிதும் ஒத்துப்போனது. கோவிட்டில் லேசாக வந்தவர்களுக்கும் நீள்கிறது, பெண்களுக்குக் கூடுதலாக நீள்கிறது. தொற்று வந்து மூன்று மாதம் ஆகியும், குறைந்தது இரண்டு மாதமாவது விடாமல் இருந்து, வேறு நோய் எதுவும் காரணமாக இல்லையென்றால் அதை நீடித்த கோவிட் என்று எடுத்துக்கொள்ளலாம் என உலகச் சுகாதார நிறுவனம் 2021 அக்டோபரில் வரையறை சொன்னது.

'வேறு நோய் எதுவும்' என்பது நம் பெண்களுக்கு முக்கியம். களைப்பு என்றதும் எல்லாவற்றையும் வைரஸ் தலையில் கட்டிவிடக் கூடாது. இரத்தச் சோகை, தைராய்டு, பி12 குறைவு, இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) இதெல்லாம் நம் வீடுகளில் தாராளமாக இருக்கின்றன, இவற்றுக்கு மருந்தும் இருக்கிறது. கோவிட் வந்துபோனவர்களுக்குப் புதிதாக இனிப்பு நீர் வருவது சற்றுக் கூடுதல் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன, ஆகவே அதைப் பார்த்தே ஆக வேண்டும். நெஞ்சு வலி, ஒரு பக்கக் கால் வீக்கம், மூச்சு முட்டுதல் என்றால் இந்தப் பதிவைப் படித்துக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அதெல்லாம் இல்லையென்று ஆன பிறகு மிச்சம் இருப்பதற்கு இன்றுவரை உறுதியான மருந்து இல்லை. கிருமியின் துணுக்குகள் உடம்பில் தங்கிவிடுகின்றன, எதிர்ப்புச் சக்தி அடங்காமல் சொந்த உடம்பையே உரசுகிறது, பழைய வைரஸ்கள் விழித்துக்கொள்கின்றன என்று பல திசையில் ஆராய்ச்சி நடக்கிறது. அது நடக்கட்டும். நான் செய்தது, உடம்பின் சக்திச் செலவைக் குறைத்தது. அடுப்படியில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூல் வந்தது, காப்பிக் கடையில் இருக்குமே, அதே ரகம். வெங்காயம் உரிப்பது, பாத்திரம் தேய்ப்பது எல்லாம் அதில் உட்கார்ந்துதான். குளிக்கும்போதும் உட்கார்ந்துதான், சுடுதண்ணீர் வேண்டாம். துணி மாட்டும் வேலை என் வீட்டுக்காரருக்கும் மகனுக்கும் போனது. கையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நிற்பதுதான் என் நெஞ்சுக்கு அறவே ஆகாத வேலை என்று மலிவான கைக்கடிகாரம் காட்டிக்கொடுத்தது. நல்லாயிருக்கும் நாளில் நல்லாயிருக்கும்போதே நிறுத்திக்கொள்வதுதான் இதில் மகா கஷ்டம். குழம்பு கொதிக்கும்போது அடுத்து என்ன செய்யலாம் என்று கை தேடும் புத்தி எனக்கு அம்மாவிடமிருந்து வந்தது, அதை அடக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

ஃபேக்டரியில் சமாளித்தது வேறு கதை. 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி மருத்துவ விடுப்பு வருடத்துக்கு 14 நாள், இரண்டு வருட சர்வீஸ் ஆனால் 18, ஐந்து வருடம் தாண்டினால் 22. ஆஸ்பத்திரியில் படுத்தால் 60 நாள், 2023 ஜனவரியிலிருந்து அது தனிக்கணக்கு. சட்டம் போட்டவர்களுக்கு இரண்டு விதமான நோயாளிகள்தான் தெரியும்போல, வீட்டில் படுப்பவர், ஆஸ்பத்திரியில் படுப்பவர். வேலைக்கு வர முடியும், ஆனால் பாதிதான் முடியும் என்ற ஆளுக்கு அங்கே இடமில்லை. விடுப்பு தீர்ந்த பிறகு டாக்டரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு போய், நின்று செய்யும் வேலைக்குப் பதில் நுண்ணோக்கியில் உட்கார்ந்து பார்க்கும் வேலை கேட்டேன். மனிதவளப் பிரிவில் இருந்த பெண் முகம் சுளிக்காமல் கேட்டாள், ஷிஃப்ட் அலவன்ஸ் போகும் என்றாள். போனது. உட்கார்ந்த வேலையில் தப்பான பீஸ் கண்டுபிடிப்பதில் நான் இப்போது லைனில் நல்ல பெயர். உடம்பு பழையபடி ஆகிவிட்டதா என்றால் இல்லை, ஆனால் செவ்வாய்க்கிழமைகள் அபூர்வமாகிவிட்டன. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலின் ஐந்நூற்றுச் சொச்சம் படிகளை இன்னும் யோசிக்கவில்லை. ரதம் எங்கள் பக்கம் வரும்போது பார்த்துக்கொள்கிறேன். முருகன் கணக்கு வைத்துக்கொள்ள மாட்டார் என்று நம்பிக்கை.

எங்கள் லைனில் ஒரு தம்பி, இருபத்தைந்து வயதுகூட இருக்காது, போன மாதம் டிங்கி வந்து டிரிப் ஏற்றி வீட்டுக்கு வந்தவன். அம்மா வைத்த நண்டு சூப்பும் பப்பாளி இலைச் சாறும் குடித்து பிளேட்லெட் ஏறிவிட்டது என்கிறான். அது ஏறியிருக்கும், சூப் இல்லாமலும் ஏறியிருக்கும். பினாங்குப் பாலத்து மாரத்தானுக்குப் பெயர் கொடுத்திருக்கிறானாம், பயிற்சி எப்போது தொடங்கலாம் என்று என்னிடம் கேட்டான். முதலில் சாதாரணமாக நாலு நாள் வேலை செய், அன்றன்றைக்கு மட்டும் இல்லை, அதற்கு மறுநாளும் அதற்கடுத்த நாளும் எப்படி இருக்கிறதென்று பார், தலைசுற்றல், படபடப்பு இருந்தால் டாக்டரிடம் படுக்க வைத்து, நிற்க வைத்து நாடி பார்க்கச் சொல் என்றேன். "பணம் கட்டிட்டேன்க்கா" என்றான். டி-சட்டையையும் பையையும் போய் வாங்கிக்கொள், ஓட்டத்தை அடுத்த வருடம் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.